பழைய காரும் கூடுதல் பாரமும்: பிரேக்கைப் பலப்படுத்துவது எப்படி?

மும்பையில் வசிக்கும் நம்மவர் வீடுகளில் பழைய அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. பத்மினி தயாரிப்பு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு நின்றது. 2023 அக்டோபரில் மும்பை டாக்ஸிகளின் வரிசையிலிருந்தும் அது விடைபெற்றது. அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. ஆனாலும் அப்பா வாங்கிய வண்டி என்ற பாசத்தில் ஆர்.டி.ஓ.வில் மறுபதிவு செய்து ஓட்டுபவர்கள் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்த வண்டிகள் பிறந்தபோது இருந்த எடை இன்று இல்லை. டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர், கூரையில் கேரியர், சிலவற்றில் டீசல் எஞ்சின், ஏ.சி. இவற்றுக்கு மேல் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும். பிரேக் மட்டும் அன்று வந்ததுதான். "பிரேக்கை எப்படிப் பலப்படுத்துவது?" என்று சங்க அன்பர்கள் பலர் கேட்கிறார்கள். கேட்கும்போதே "டிஸ்க் போட்டுவிடலாமா?" என்று விடையையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறார்கள். டிஸ்க் கடைசியில் வரவேண்டிய விடை. அதற்கு முன் செய்யவேண்டியவை பல இருக்கின்றன. ரயில்வேயில் வேகன்களோடும் கோச்சுகளோடும் காலம் கழித்தவன் என்ற முறையில் அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

எடையும் வேகமும்

பிரேக் என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. ஓடும் வண்டியிலுள்ள சக்தி எடையைப் பொறுத்து நேர் விகிதத்தில் கூடும். வேகத்தைப் பொறுத்து அதன் இருமடிப் பெருக்கமாகக் கூடும்.

ஓர் அம்பாசடர், ஓட்டுநருடன் சுமார் 1200 கிலோ என்று கொள்வோம். இன்னும் நான்கு பேர், சிலிண்டர், கேரியர் சாமான் எல்லாம் சேர்ந்து 400 கிலோ ஏறினால் மொத்தம் 1600 கிலோ. மணிக்கு 72 கி.மீ. வேகத்திலிருந்து முழுவதுமாக நிறுத்த, 1200 கிலோ வண்டியின் பிரேக் 240 கிலோஜூல் வெப்பத்தை ஏற்கவேண்டும். 1600 கிலோ வண்டியில் அது 320 கிலோஜூல்.

320 கிலோஜூல் என்றால் எவ்வளவு? சமையலறையில் ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கத் தேவையான வெப்பம் ஏறக்குறைய அவ்வளவே. ஆக, பாரம் ஏற்றிய காரை ஒவ்வொரு முறை அந்த வேகத்திலிருந்து நிறுத்தும்போதும், நான்கு டிரம்களிலும் சேர்த்து ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் சில விநாடிகளில் இறங்குகிறது.

நான்கு டிரம்களும் சேர்ந்து 20 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்தால், ஒரு நிறுத்தத்துக்கு அவை சுமார் 35 டிகிரி சூடேறும். நகரில் ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் இடையே காற்று அதை ஆற்றிவிடும். மலைச்சாலையில் அப்படி இல்லை. கண்டாலாவிலிருந்து கோபோலிக்கு இறங்கும் பழைய சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். உயர வித்தியாசம் ஏறத்தாழ 500 மீட்டர். 1600 கிலோ வண்டி அந்த உயரம் இறங்கும்போது விடுபடும் சக்தி, 72 கி.மீ. வேகத்திலிருந்து 25 முறை நிறுத்துவதற்குச் சமம். 25 லிட்டர் தண்ணீர்! இதில் எஞ்சினும் காற்றும் எவ்வளவைப் பங்கிட்டுக்கொள்கின்றனவோ அவ்வளவு பிரேக்குக்கு மிச்சம். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவர் எஞ்சினின் பங்கையும் சேர்த்துப் பிரேக்கின் தலையில் கட்டுகிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதே 1600 கிலோ வண்டியை 72-க்குப் பதில் 62 கி.மீ. வேகத்தில் ஓட்டினால், நிறுத்தும்போது எழும் வெப்பம் பாரமில்லாத வண்டியின் 240 கிலோஜூலுக்கு இறங்கிவிடுகிறது. பைசா செலவில்லாத பிரேக் மேம்பாடு இதுதான்.

பெடல் சொல்லும் இரண்டு சேதிகள்

சூட்டினால் பிரேக் கைவிடுவதில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் வித்தியாசத்தை அறிவது அவசியம்.

முதல் வகையில் பெடல் கல்லைப்போல் கெட்டியாக இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். லைனிங் அளவுக்கு மேல் சூடாகி அதன் பிடிப்பு குறைந்துவிட்டது என்று பொருள். லைனிங்கின் தரம், டிரம்மின் கனம், ஓட்டும் முறை ஆகியவற்றைத்தான் இங்கே கவனிக்கவேண்டும். டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகுவதால் பெடல் கொஞ்சம் கீழே போவதும் இதோடு சேர்ந்து வரும்.

இரண்டாவது வகையில் பெடல் பஞ்சுபோல் ஆகிப் பலகைவரை போய்விடும். வீல் சிலிண்டரில் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகிவிட்டது என்று பொருள். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். கால் கொடுக்கும் தள்ளல் எல்லாம் குமிழை அழுத்துவதிலேயே தீர்ந்துவிடுகிறது. இது முதல் வகையைவிட ஆபத்தானது; முன்னறிவிப்புத் தராமல் வரும்.

முதல் படி: இருப்பதைப் புதிதாக்குதல்

நாற்பது வருட வண்டியில் பிரேக் போதவில்லை என்றால், பெரும்பாலும் அதன் காரணம் அமைப்பின் குறையன்று, தேய்மானம்தான். ஆகவே புதிதாக எதையும் சேர்ப்பதற்குமுன் பழையதை அதன் முழு வலிமைக்குக் கொண்டுவரவேண்டும்.

டிரம்: பலமுறை லேத்தில் கடைந்த டிரம் மெலிந்திருக்கும். மெலிந்த டிரம் குறைந்த வெப்பத்தையே தாங்கும், எளிதில் கோணும். கம்பெனி குறித்த உச்ச விட்டத்தைத் தாண்டியிருந்தால் மாற்றிவிடவேண்டும். கூடுதல் பாரம் ஏற்றுபவருக்கு இதுவே முதல் செலவாக இருக்கட்டும்.

லைனிங்: மலிவான லைனிங் குளிரில் நன்றாகப் பிடிக்கும், சூட்டில் கைவிடும். பாரவண்டிக்குச் சூடு தாங்கும் தரமான லைனிங் வேண்டும். ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே தயாரிப்பாக இருப்பது கட்டாயம். இல்லையேல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். புதிய லைனிங் டிரம்மோடு முழுப்பரப்பில் பொருந்தச் சில நூறு கி.மீ. ஓடவேண்டும். மாற்றிய மறுநாளே மலை ஏறாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம் என்பதால், டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதுவதும் காற்றுக்குழாயால் அடிப்பதும் கூடாது. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயில்: இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிநிலை கொண்டது. ஈரம் ஏறியபின் அது 140 டிகிரிவரை இறங்கலாம். டாட் 4 வகையில் இவை 230, 155. மும்பை மழைக்காலத்தைப் பார்த்தவர்களுக்கு ஈரத்தைப்பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் வடித்து, ரப்பர்கள் புதியவையாக இருந்தால் டாட் 4 நிரப்புவது, செலவைப் பார்த்தால் மிகப் பெரிய பலன் தரும் வேலை. டாட் 5 என்ற சிலிக்கான் வகையை இவற்றோடு கலக்கக்கூடாது. ரப்பர் சீல்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவும் மெக்கானிக்கைத் தடுத்துவிடுங்கள். சீல் ஊதிக் கெட்டுவிடும்.

ஹோஸும் குழாயும்: பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும், அல்லது மிதிக்கும்போது பலூன்போல் உப்பி, அழுத்தத்தை விழுங்கும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றுவது நல்லது. துருப்பிடித்த ஸ்டீல் குழாய்க்குப் பதில் சாதாரணச் செம்புக்குழாயை வளைத்துப் போடக்கூடாது. அதிர்வில் அது விரிசல் விடும்.

இவ்வளவும் செய்து, ஷூக்களைச் சரியாக அட்ஜஸ்ட் செய்து, காற்றை எடுத்தபின் ஓட்டிப் பாருங்கள். பாதிப்பேருக்கு இத்துடன் தேவை தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: ஒன்று போனாலும் மற்றொன்று

பழைய கார்கள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று அமைப்பு. எந்தச் சக்கரத்தில் ஒரு சீல் கிழிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். பின்னால் வந்த டேண்டம் மாஸ்டர் சிலிண்டரில் உள்ளே இரண்டு பிஸ்டன்கள் இருக்கும். ஒன்று முன்சக்கரங்களுக்கு, மற்றது பின்சக்கரங்களுக்கு. ஒன்றில் கசிந்தாலும் மற்றது வேலை செய்யும். அதே மாடலின் பிந்திய வண்டியில் இது கம்பெனியிலேயே வந்திருந்தால், அதைப் பொருத்துவதை டிஸ்க்குக்கும் முன்னதாக வைப்பேன்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். "பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பிரேக் பலமாகும்" என்பார்கள். கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது. கால் 30 கிலோ மிதிக்கிறது, பெடலின் நெம்புகோல் விகிதம் 5 என்றால் பிஸ்டனில் 150 கிலோ. 7/8 அங்குல பிஸ்டனின் பரப்பு 3.9 சதுர செ.மீ.; எண்ணெய் அழுத்தம் சதுர செ.மீ.க்கு சுமார் 38 கிலோ. அது ஓர் அங்குல வீல் சிலிண்டரில் சுமார் 195 கிலோ தள்ளலைத் தரும். மாஸ்டர் சிலிண்டரையும் ஓர் அங்குலமாக்கினால் அழுத்தம் 30-க்கு இறங்கி, ஷூவில் கிடைப்பது 150 கிலோதான். பெடல் கெட்டியாகவும் மேலேயும் நிற்கும். ஓட்டுபவருக்குப் "பிரேக் நன்றாயிருக்கிறது" என்று தோன்றும். வண்டியோ தாமதமாகத்தான் நிற்கும். இதற்கு மாறாக வீல் சிலிண்டரைப் பெரிதாக்கினால் தள்ளல் கூடும். ஆனால் பெடல் அதிக தூரம் போகும். ஆகவே இரண்டையும் ஜோடியாகவே தேர்ந்தெடுக்கவேண்டும்.

மூன்றாம் படி: பூஸ்டர்

பூஸ்டர் எஞ்சினின் உறிஞ்சலைப் பயன்படுத்திக் காலின் சிரமத்தைக் குறைக்கிறது. வயதானவர்களுக்கும், பாரவண்டியை நகரில் ஓட்டுபவர்களுக்கும் நல்ல உதவி. ஆனால் அது டிரம்மின் வெப்பம் தாங்கும் திறனில் ஒரு டிகிரியைக்கூடக் கூட்டுவதில்லை. சூட்டினால் பிடிப்பு போகும் வண்டிக்குப் பூஸ்டர் போடுவது, பசித்தவனுக்கு வெற்றிலை கொடுப்பது போன்றது.

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப்போல உறிஞ்சல் கிடையாது. தனி வாக்யூம் பம்ப் வேண்டும். டீசலுக்கு மாற்றிய வண்டியில் இதைக் கவனியுங்கள். எஞ்சின் நின்றுவிட்டால் பூஸ்டரில் சேமிப்பு இரண்டு மூன்று மிதிக்கு மட்டுமே வரும். பிறகு பெடல் மரக்கட்டை. இறக்கத்தில் எரிபொருள் மிச்சம் பிடிக்கச் சாவியை அணைக்கும் பழக்கம் நம் நாட்டில் உண்டு. பூஸ்டர் உள்ள வண்டியில் அந்தச் சில ரூபாய்க்குக் குடும்பத்தையே பணயம் வைக்கிறோம் என்று உணரவேண்டும்.

நான்காம் படி: முன்சக்கர டிஸ்க்

டிஸ்க்கின் சிறப்பு, அது திறந்தவெளியில் இருப்பதால் விரைவில் ஆறுவது; சூட்டில் விரிந்தாலும் பேடை விட்டு விலகாதது; மழைநீரைச் சீக்கிரம் உதறிவிடுவது. மலைப்பாதையில் அடிக்கடி செல்லும் பாரவண்டிக்கு உண்மையிலேயே உயர்ந்தது. பிந்திய ஆண்டுகளின் சில அம்பாசடர்களில் முன்சக்கர டிஸ்க்கும் பூஸ்டரும் கம்பெனியிலேயே வந்தன. பழைய அம்பாசடருக்கு அந்த முழு செட்டே பொருத்தமானது.

முழு செட் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. டிரம்மில் லீடிங் ஷூ, சக்கரத்தின் சுழற்சியாலேயே மேலும் இறுகிக்கொள்ளும். காலுக்கு அது இலவச உதவி. டிஸ்க்குக்கு இந்த உதவி இல்லை. அதிக அழுத்தம் வேண்டும். ஆகவே பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மட்டும் போட்டால் பெடல் முன்னைவிடக் கடினமாகும். மேலும், டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைக்கும் வால்வு ஒன்று இருப்பதுண்டு. அதை டிஸ்க் பக்கத்தில் விட்டுவைத்தால் பேடுகள் ஓயாமல் உரசிச் சூடேறும். காலிப்பர் சக்கரத்தின் உட்புறத்தில் தட்டாமல் சுழல்கிறதா, ஹோஸின் நீளம் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பினாலும் போதுமா என்பவையும் பார்க்கவேண்டியவை.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே வேறு கம்பெனி வண்டியின் பாகங்களை வெல்டிங் வைத்துப் பொருத்துவதை விட்டு, அதே மாடலுக்குத் தயாரிப்பாளர் தந்த பாகங்களோடு நில்லுங்கள். பெரிய மாற்றமானால் ஆர்.டி.ஓ.விடமும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்னும் பின்னும்: வேகன் சொல்லும் பாடம்

சரக்கு வேகன்களின் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். "காலி", "பாரம்" என்று அதற்கு இரண்டு நிலைகள். பாரம் ஏற்றியபின் கைப்பிடி காலி நிலையில் இருந்தால் பிரேக் போதாது. காலி வேகனில் பாரம் நிலையில் இருந்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு தண்டவாளத்தில் வழுக்கித் தேய்ந்து, தட்டையாகிவிடும். எடைக்கேற்ற பிரேக் வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் கேடு. காரிலும் இதே கதைதான்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னே சாய்கிறது. 1600 கிலோ அம்பாசடரை வேகமாக நிறுத்தும்போது சுமார் 230 கிலோ பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறும். அதனால்தான் முன்பிரேக் பெரிதாக வைக்கப்படுகிறது. டிக்கியில் சிலிண்டரும் சாமானும் இருப்பதால் பின்பிரேக்கைப் பலப்படுத்தலாம் என்று சிலர் பின்சக்கர வீல் சிலிண்டரைப் பெரிதாக்குகிறார்கள். பாரம் இருக்கும் நாளில் அது சரியாகவே படும். பாரத்தை இறக்கிவிட்டு மழையில் தனியாக ஓட்டும் நாளில், பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி பம்பரமாகச் சுழலும். வேன்களிலும் பிக்கப்களிலும் பின் அச்சின் எடையை உணர்ந்து அழுத்தத்தை மாற்றும் வால்வு இருக்கிறது. அது இல்லாத காரில் பின்பிரேக்கைத் தொடாதீர்கள்.

பிரேக்குக்கு அப்பால்

எவ்வளவு நல்ல பிரேக்கும் டயர் சாலையைப் பிடிக்கும் அளவுக்குமேல் நிறுத்தாது. டயரின் பக்கச்சுவரில் உள்ள பார எண்ணைப் படியுங்கள். 82 என்றால் ஒரு டயருக்கு 475 கிலோ, 86 என்றால் 530 கிலோ. பாரத்துக்குரிய காற்றழுத்தம் கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும். பட்டன் தேயாவிட்டாலும் வருடக்கணக்கில் நின்று இறுகிய டயர் மழையில் உதவாது.

மற்றொன்று மிக முக்கியம். பிரேக்கைப் பலப்படுத்தியதால் வண்டி ஏற்றக்கூடிய எடை கூடிவிடாது. அந்த அளவைத் தீர்மானிப்பவை அச்சு, பட்டைச்சுருள், சக்கர பேரிங், டயர் எல்லாம் சேர்ந்துதான். ஒருமுறை எடைமேடையில் நிறுத்தி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை போட்டுப் பாருங்கள். கனமான சாமானைக் கூரைமேல் வைக்காமல் பின்சீட்டுக்கு அருகில் தாழ வையுங்கள்.

மலைப்பாதையில் இறங்கும் முறை

மும்பையிலிருந்து புனே செல்லும் போர் காட்டிலும், நாசிக் செல்லும் தால் காட்டிலும் ரயில்பாதையின் சரிவு 37-க்கு 1. அங்கே பிரேக் சரிபார்க்காமல் எந்த ரயிலும் இறங்காது. கட்டுப்பாடு இழந்து வரும் வண்டியைத் திருப்பி ஏற்றத்தில் ஓடவிட்டு நிறுத்தக் கேட்ச் சைடிங் என்ற தனிப்பாதையும் உண்டு. பழைய மலைச்சாலையில் உங்கள் காருக்கு அப்படி ஒரு பாதை காத்திருக்கும் என்று நம்பக்கூடாது. ஆகவே:

1. இறங்கத் தொடங்குமுன்பே ஏறுவதற்குப் போடும் கியரைப் போட்டுவிடுங்கள். வேகம் கூடியபின் கியரைக் குறைப்பது கடினம்.

2. பெடலைத் தொடர்ந்து லேசாக மிதித்தபடி வராதீர்கள். சற்று உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுவதும் விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில் டிரம் ஆறும்.

3. கருகிய வாடையோ பெடலில் மாற்றமோ தெரிந்தால் உடனே ஒதுங்கி அரைமணி நில்லுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். ஹேண்ட்பிரேக்கை இறுக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். புறப்படும்போது கல்லைச் சாலையோரம் தள்ளிவிட்டுச் செல்லுங்கள். பின்னால் வருபவரும் நம்மைப்போல் குடும்பஸ்தர்.

4. பெடல் பலகைவரை போய்விட்டால் விட்டுவிட்டு வேகமாகப் பலமுறை மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட்பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே சிறிது சிறிதாக இழுங்கள். அதற்கும் நிற்காவிட்டால், பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவரில் உரசி நிறுத்துங்கள். தகரம் போனால் வாங்கலாம்.

வீட்டிலேயே செய்யும் சோதனை

மாதம் ஒருமுறை, எஞ்சின் ஓடும் நிலையில் பெடலை ஒரு நிமிடம் உறுதியாக மிதித்துப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது. முதல் மிதியில் தாழ்ந்து இரண்டாம் மிதியில் உயர்ந்தால் ஷூ அட்ஜஸ்ட் செய்யவேண்டும். பஞ்சாக இருந்தால் காற்று. பத்து கி.மீ. ஓட்டியபின் நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள், தொடவேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்த ஷூ விடுபடாமல் உரசுகிறது. பூஸ்டருக்கு, எஞ்சினை அணைத்து நான்கைந்து முறை மிதித்துவிட்டு, மிதித்தபடியே எஞ்சினை எழுப்புங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் நலமாக உள்ளது.

ரயில் புறப்படுமுன், பிரேக் வேலை செய்கிறது என்ற சான்றிதழில் டிரைவரும் கார்டும் கையெழுத்திட்டால்தான் வண்டி நகரும். காரில் அந்த இருவரும் நாமே. தீபாவளிக்கோ கோடை விடுமுறைக்கோ பேரன் பேத்திகளை ஏற்றிக்கொண்டு மகாபலேஷ்வரமோ லோனாவலாவோ புறப்படுமுன், மேலே சொன்ன சோதனைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக டிக் போட்டு, கீழே உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்திடுங்கள். கையெழுத்திட மனம் தயங்கினால், அன்று டாக்ஸியிலோ ரயிலிலோ போய்விட்டு வாருங்கள்.